நான் வைரம் என்று சொன்ன மூக்குத்தி

1. ஒரு பீப் சத்தம்

பேனா 'பீப்' என்றது. நான், "வைரம்தாம்மா" என்றேன். முப்பது வருஷ நகைக்கடை வேலையில் ஆயிரம் முறை சொன்ன வார்த்தைதான். அன்றைக்குச் சொன்னது மட்டும் ஒரு பெண்ணைத் திருடி ஆக்கிவிட்டது.

திருத்தணி மெயின் ரோட்டில் நான் வேலை பார்த்த கடையில் வைர கவுன்டர் என் பொறுப்பு. இப்போது ரிட்டயர் ஆகிவிட்டேன். புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் பிள்ளைகள், "உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பெரிய பெரிய கல்யாண வியாபாரமெல்லாம் செய்திருக்கிறேன், அதை எழுதுவேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். நான் தப்பு செய்த கதையைத்தான் முதலில் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. என் பெயர் எஸ்தர். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து பெண்கள் நகை போடுவதில்லை. சபையில் அப்படிப் பழக்கம். காது குத்தவே இல்லை. மொட்டைக் காதோடு உட்கார்ந்து வைரத் தோடு விற்றால் பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்காதா? "காதுல ஒரு பொட்டு இல்ல, நீ எங்களுக்கு வைரம் காட்டறியா?" என்று கிண்டல் செய்வார்கள். "ஸ்வீட் கடைக்காரருக்கு சுகர் இருந்தா ஜாங்கிரி இனிக்காதாம்மா?" என்பேன். சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். எனக்குக் கல் மேல் ஆசை கிடையாது, அதனால் என் கண் சரியாகப் பார்க்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பு கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அன்றைக்குக் காலையில் சுலோச்சனா அம்மா வந்தார். திருவாலங்காட்டுப் பக்கம் கரும்புத் தோட்டம் உள்ள பெரிய குடும்பம். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். கல்யாணத்துக்கு ஏழு கல் தோடு, மூக்குத்தி எல்லாம் எங்கள் கடையில்தான் எடுப்பார்கள், அதுவும் என் கையால்தான். அவர் கைக்குட்டையைப் பிரித்து ஓர் ஒற்றைக்கல் மூக்குத்தியை எடுத்து வைத்தார்.

"இது இன்னா கல்லுன்னு பாரு எஸ்தரம்மா."

எங்களிடம் இருந்தது டெஸ்டர் பேனா. முனையைக் கல் மேல் வைத்தால் போதும். கண்ணாடி, ஜிர்கான், அமெரிக்கன் டைமண்ட் எதுவானாலும் சும்மா இருக்கும். வைரம் என்றால் சிவப்பு விளக்கு எரிந்து 'பீப்' என்று கத்தும். வைத்தேன், கத்தியது. சொன்னேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அவர் குரலைத் தாழ்த்தி, "போன வருஷம் உன்கிட்ட ஒரு மூக்குத்தி எடுத்தேனே, கால் காரட்டு. அந்தக் கல்லா இது?" என்றார்.

நான் லூப்பைக் கண்ணில் வைத்து மேலாக ஒரு பார்வை பார்த்தேன். லூப் என்றால் கல் பார்க்கிற சின்ன பூதக்கண்ணாடி. சுத்தமான கல், நல்ல வெட்டு, அதே அளவு. "ஆங், நம்ம கல்லுதாம்மா. கல்லச் சுத்தி இருக்கற கட்டடம் மட்டும் வேற மாதிரி இருக்கு. நான் வித்த கல்ல நான் மறப்பனா?" என்றேன்.

சுலோச்சனா அம்மா முகம் கறுத்துவிட்டது. மூக்குத்தியைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். காபி சொல்லியிருந்தேன், அது வருவதற்குள் கார் கிளம்பிவிட்டது. ஏன் அப்படிப் போனார் என்று நான் யோசிக்கவில்லை. வந்த காபியை நானே குடித்தேன்.

2. கௌரி

மறுநாள் ஷட்டர் ஏற்றும்போதே ஒரு பெண் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும், கழுத்தில் தாலிக் கயிறு. மூக்கின் ஓட்டையில் ஒரு துண்டு ஈர்க்குச்சி செருகியிருந்தாள். ஓட்டை தூர்ந்து போகாமல் இருப்பதற்காக.

"நீங்கதான் எஸ்தரக்காவா?"

"ஆமாம்மா. இன்னா வேணும்?"

"நேத்து ஒரு மூக்குத்திய வைரம்னு சொன்னீங்களே, அது என்னோடதுங்க்கா."

பெயர் கௌரி, ஊர் கே.ஜி.கண்டிகை. சுலோச்சனா அம்மாவின் மாமியார் படுத்த படுக்கை. அவரைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்கிற வேலை இவளுக்கு. போன வாரம் சுலோச்சனா அம்மாவின் வைர மூக்குத்தி காணாமல் போயிருக்கிறது. இரண்டு நாள் கழித்து அவர் இவளிடம், "உன் மூக்குத்தி அழுக்கா கீது, கடைக்குப் போறேன், பாலீஷ் போட்டுகினு வர்றேன், கழட்டிக் குடு" என்று கேட்டிருக்கிறார். இவளும் சந்தோஷமாகக் கழற்றிக் கொடுத்திருக்கிறாள். அது நேராக என் கவுன்டருக்கு வந்திருக்கிறது.

"அது வைரமே இல்லக்கா. மாய்சனைட்டு, வைரம் மாதிரியே மினுக்கற வேற கல்லு. ஆன்லைன்ல வாங்கினேன். போட்ட அன்னிக்கே அந்த அம்மாகிட்டயும் சொன்னேன், 'நல்லா கீதுடி'ன்னு அவங்களும் சொன்னாங்க. இப்ப, 'எஸ்தரம்மாவே வைரம்னு சொல்லிட்டா, எங்க கல்லுன்னும் சொல்லிட்டா, எங்க கல்ல உன் கட்டடத்துல வெச்சுப் போட்டுகினியா'ன்னு கேக்கறாங்க."

போனை எடுத்து ஆர்டர் போட்ட பக்கத்தைக் காட்டினாள். படம் இருந்தது. கீழே மாய்சனைட் என்றே எழுதியிருந்தது.

"இத அவங்ககிட்ட காட்னியா?"

"காட்னேன். 'போன்ல இன்னா வேணா காட்டலாம்'ங்கறாங்க. இன்னிக்கு மத்தியானம் அவங்க வீட்டுப் பெரியவரு, பாவா, வர்றாராம். வந்தா ஸ்டேஷனுக்கு இட்டுகினு போவாங்க. கேஸு போட்டா அப்புறம் யாருக்கா என்ன வீட்டுக்குள்ள விடுவாங்க? நான் வீடு வீடாப் போயி ஆளுங்கள பாத்துக்கறவ."

அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "நீங்க ஏங்க்கா அவங்க கல்லுன்னு சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். பெருமைக்குச் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது?

3. இழுப்பறைக்குள் போட்ட கார்டு

மாய்சனைட் என்ற பேரை நான் அன்றைக்குத்தான் கேட்டேன் என்று எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும். அது பொய்யாகிவிடும்.

இரண்டு மாதம் முன்னால் சென்னையிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். கடைகளுக்குத் தராசு, டெஸ்டர் விற்கிற கம்பெனியின் ரெப். என் பேனாவைப் பார்த்துவிட்டு, "மேடம், இது கல்லுல சூடு எவ்ளோ வேகமா ஓடுதுன்னு மட்டும்தான் பாக்குது. மாய்சனைட்லயும் கிட்டத்தட்ட வைரம் மாதிரியே சூடு ஓடும். இது அதையும் வைரம்னுதான் சொல்லும். இப்ப மார்க்கெட்ல நெறைய வருது. மின்சாரம் ஓடுதான்னு பாக்கற இன்னொரு டெஸ்டர் இருக்கு, வாங்கி வெச்சுக்கோங்க" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தம்பி, நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து நான் கல்லு பாத்துகினு இருக்கேன். மோர் சாப்பிட்டுக் கெளம்புங்க."

அவர் கார்டை வைத்துவிட்டுப் போனார். இழுப்பறையில் தூக்கிப் போட்டேன். கௌரியை உட்காரவைத்துவிட்டு இப்போது அதைத் தேடினேன். நல்லவேளை, கிடைத்தது. போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. அந்தத் தம்பிக்கு இன்றைக்கும் நான் நன்றி சொல்கிறேன்.

"மேடம், லூப்புல மேல நேராப் பாத்தீங்களா?"

"ஆமாப்பா."

"நேராப் பாத்தா தெரியாது. கல்ல நல்லா சாய்ச்சுப் பிடிச்சு, பக்கவாட்டுல உள்ள பாருங்க. வைரத்துல பட்டையோட கோடு ஒண்ணு ஒண்ணாத்தான் தெரியும். மாய்சனைட்ல அதே கோடு ரெண்டு ரெண்டாத் தெரியும், ரயில் தண்டவாளம் மாதிரி. அவசரப்படாதீங்க, மெதுவாத் திருப்பிப் பாருங்க."

முப்பது வருஷத் தொழிலில் இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை.

4. முதலாளி சொன்னது

முதலாளி வந்ததும் உள்ளே போய் நடந்ததைச் சொன்னேன். திருவாலங்காடு போய்விட்டு வர வேண்டும் என்றேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் பயந்தார்.

"எஸ்தர்ம்மா, யோசிச்சுப் பேசு. பேனா தப்பாச் சொல்லிச்சுன்னு நீயே போயி சொன்னா, நாளைக்கு ஊருல இருக்கறவன் எல்லாம் கல்லத் தூக்கிகினு வந்து நிப்பான். இத்தினி வருஷம் நாம வித்த கல்லுக்கெல்லாம் யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேங்க."

"அந்த அம்மா நம்ம பெரிய கஸ்டமர். ஒரு போன் போட்டு நைசா சொல்லிடு. நேர்ல எதுக்குப் போற?"

"நான் சொன்ன சொல்லு அந்த வீட்டுல உக்காந்துகினு கீதுங்க. போன் பண்ணா அது எழுந்து போகாது."

"அது நெஜமாவே வைரமா இருந்துச்சுன்னா?"

அவர் கேட்டது நியாயம்தான். கௌரி சொன்னது உண்மையா என்று எனக்கு எப்படித் தெரியும்? கல் என் கையில் இல்லை. போன் படம் சாட்சி ஆகாது. கட்டடத்திலிருந்து கல்லைக் கழற்றி எடை போட்டால் தெரிந்துவிடும், ஆனால் கழற்றும்போது நாங்கள் மாற்றிவிட்டோம் என்று பேச்சு வரும். கழற்றாமல், எல்லாரும் பார்க்கும்படி நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் போகக் கூடாது.

"போற. அப்புறம் ஏதாச்சும் ஆச்சுன்னா கடை பேரு கெட்டது உன்னாலதான்" என்றார். லூப்பையும் இடுக்கியையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பஸ்ஸில் கௌரியும் நானும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். "நான் பாக்கப் போறேன். கோடு ஒண்ணாத் தெரிஞ்சா ஒண்ணுன்னுதான் சொல்வேன். உனக்காக மாத்திச் சொல்ல மாட்டேன்" என்றேன். கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"பாருங்கக்கா. அதுக்குத்தானே வந்தேன்" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

5. கூடத்தில்

நாங்கள் போனபோது பாவா வந்துவிட்டிருந்தார். சுலோச்சனா அம்மாவின் வீட்டுக்காரருக்கு அண்ணன். அவரைத்தான் அந்த வீட்டில் பாவா என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சுலோச்சனா அம்மா முகம் மலர்ந்தது. சாட்சி சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"வா எஸ்தரம்மா. பாவா, சொன்னேன் இல்ல, இவங்கதான் பாத்து சொன்னவங்க."

நான் உட்காரவில்லை. "அம்மா, நேத்து நான் சொன்னது தப்பா இருக்கலாம். அந்தப் பேனா மாய்சனைட்டையும் வைரம்னு சொல்லுமாம். எனக்குத் தெரியாம போச்சு. நம்ம கல்லுன்னு சொன்னது அதவிடத் தப்பு. இன்னொருவாட்டி பாக்கணும், குடுங்க" என்றேன்.

பாவா என்னையும் கௌரியையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாம்மா, ரெண்டு பேரும் ஒண்ணா வந்து கீறீங்க. வழியில பேசி முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். என் வாழ்க்கையில் என் நேர்மையை ஒருவர் முகத்துக்கு நேரே சந்தேகப்பட்டது அதுதான் முதல் தடவை. காது சுட்டது. கௌரிக்கு நேற்றிலிருந்து எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

"நான் பாக்கறேன், அப்புறம் நீங்களே பாருங்க. என் பேச்சு இனிமே வேணாம்" என்றேன்.

மூக்குத்தியை வாங்கிக்கொண்டு ஜன்னல் ஓரம் போனேன். அதைத் துடைத்து இடுக்கியில் பிடித்து லூப்பை வைத்தேன். கோடு ஒன்றுதான் தெரிந்தது. இன்னொரு முறை பார்த்தேன். ஒன்றுதான். பின்னால் பாவா தொண்டையைச் செருமினார்.

பழக்க தோஷம், நேராகத்தான் பிடித்திருக்கிறேன். கல்லைச் சாய்த்தேன். இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். மெதுவாகத் திருப்பினேன். அடிப்பக்கத்துப் பட்டையின் கோடு நகர்ந்து, பிரிந்து, இரண்டாக நின்றது. பக்கத்துக் கோடும் இரண்டு. எல்லாமே ஜோடி ஜோடியாக நின்றன.

சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. அடக்கிக்கொண்டேன்.

"அம்மா, உங்க தோடு ஒண்ணக் கழட்டிக் குடுங்க. அது நான் வித்த வைரம். மொதல்ல அதப் பாருங்க, அப்புறம் இத."

லூப்பை எப்படிக் கண்ணோடு ஒட்டிப் பிடிப்பது, எவ்வளவு சாய்ப்பது என்று காட்டிக்கொடுத்தேன். சுலோச்சனா அம்மா தன் தோட்டைப் பார்த்தார். "கோடு ஒண்ணுதான் கீது" என்றார். பிறகு மூக்குத்தியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். லூப்பைப் பாவாவிடம் நீட்டினார்.

பாவா இரண்டையும் இரண்டு முறை பார்த்தார். கரும்பு வெட்டிக் காய்ப்பு ஏறிய விரல்களில் அந்தச் சின்ன மூக்குத்தி நிற்கவே மாட்டேன் என்றது. கடைசியில், "இதுல ரெண்டு ரெண்டாத்தான் தெரியுது சுலோச்சனா. இது உன் கல்லு இல்ல" என்றார். அவர் அதை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அந்த விதத்தில் பெரிய மனுஷர்தான்.

சுலோச்சனா அம்மா என்னிடம் திரும்பினார். "நேத்து சத்தியம் பண்ணாத குறையா நம்ம கல்லுன்னு சொன்னியே?"

"தெரிஞ்ச மாதிரி பெரும பேசினேம்மா. தப்பு என்னோடது. கௌரிகிட்டயும் இங்கியே சொல்றேன். என்ன மன்னிச்சிரும்மா."

"அப்போ என் கல்லு எங்க போச்சு?"

"அது எனக்குத் தெரியாதுங்க."

அந்தக் கல் எங்கே போயிற்று என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று யார் கண்டது?

சுலோச்சனா அம்மா மூக்குத்தியை எடுத்துக்கொண்டு கௌரியிடம் வந்தார். "இரு, நானே போட்டு வுடறேன்" என்றார். சுமங்கலிப் பெண்ணின் மூக்குத்தியை ஏமாற்றிக் கழற்ற வைத்துவிட்டோம் என்கிற உறுத்தல் இருந்திருக்கும். தெலுங்குக் குடும்பங்களில் அது சின்ன விஷயம் இல்லை.

கௌரி ஒரு அடி பின்னால் போனாள். "வேணாம்மா. அக்கா போடட்டும்."

கவுன்டரில் எத்தனை மூக்குகளுக்கு மூக்குத்தி போட்டிருக்கிறேன் என்று கணக்கே கிடையாது. ஈர்க்குச்சியை எடுத்தேன். மூக்குத்தியைச் செருகி உள்ளே திருகாணியை மாட்ட முயன்றேன். அன்றைக்கு மட்டும் இரண்டு தடவை நழுவியது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் நின்றாள்.

மாட்டி முடித்ததும், "ஏங்க்கா, வைரம் இல்லன்னு சொல்லிட்டீங்க. அப்போ இது டூப்பா?" என்றாள். எல்லாருக்கும் கேட்கும்படிதான் கேட்டாள்.

"இல்லம்மா. மாய்சனைட்டு ஒரு தனிக் கல்லு. நல்ல கெட்டியான கல்லு, வைரத்தவிட பளபளப்பு ஜாஸ்தி. அத வைரம்னு சொல்லி வித்தாத்தான் டூப்பு. நீ மொதல் நாள்லயே மாய்சனைட்டுன்னு சொல்லித்தான் போட்டுகினே. வைரம்னு சொன்னது நான்தான்."

அவள் தலையாட்டினாள். சுலோச்சனா அம்மாவிடம், "நாளையிலேந்து வேற ஆளப் பாத்துக்கோங்கம்மா" என்றாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். "அவங்களுக்கு மருந்து குடுக்கற நேரம்" என்று உள்ளே போய்ப் படுத்திருந்தவருக்கு மாத்திரையைக் கொடுத்து, வாயைத் துடைத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகுதான் நாங்கள் கிளம்பினோம்.

6. அதற்கப்புறம்

முதலாளி பயந்தது நடந்தது. விஷயம் பரவி, ஒரு மாதம் போல ஜனங்கள் தோடும் மோதிரமுமாக வந்து நின்றார்கள். புது டெஸ்டர் வாங்கிவிட்டோம், அந்தத் தம்பியிடம்தான். மத்தியானச் சாப்பாட்டை எல்லாம் நான்கு மணிக்குச் சாப்பிட்டேன். ஒவ்வொரு கல்லையும் சாய்த்துப் பார்த்து, அவர்களையும் பார்க்கச் சொல்லித்தான் அனுப்பினேன். நாங்கள் வைரம் என்று விற்ற கல் ஒன்றுகூட மாறவில்லை. இதைப் பெருமையாகவே எழுதுகிறேன். ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்த முதலாளி, கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "எஸ்தர்ம்மா, இவ்ளோ பேரு கடைக்குள்ள வந்து வருஷமாச்சு" என்றார். மன்னிப்பு கேட்கிற மாதிரி இருந்தது. அப்படியே எடுத்துக்கொண்டேன். பிறகு மாய்சனைட்டுக்கும் தனி டிரே வைத்து, பில்லில் அந்தப் பெயரையே எழுதி விற்க ஆரம்பித்தோம். ஆபீஸ் போகிற பெண்கள் கேட்டு வாங்கிப் போனார்கள்.

பிள்ளைகளே, டெஸ்டர்கள் இன்னும் மாறும். புதுப் புதுக் கல் வரும். நான் சொல்லிக்கொடுப்பதெல்லாம் பத்து வருஷத்தில் பழசாகிவிடும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் நாம் சொல்கிற வார்த்தை அங்கேயே நிற்பதில்லை. யாரோ ஒருவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடும். தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தால், அந்த வீட்டுக்கே போய், அதே ஆட்கள் முன்னால் மாற்றிச் சொல்லுங்கள்.

நான் போனேன். என் வேலையில் நான் செய்த பெரிய காரியம் எது என்று யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.